அவள் நட்சத்திரம் தெரியாமல் போனேன்

சென்ற பங்குனியில் என் மனைவி செல்வி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அபிராமத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. மிளகாய் வத்தல்தான் காரணம்.

எங்களுக்குக் குண்டு மிளகாய் வெள்ளாமை. காய்ந்த வத்தலில் வெளுத்ததைப் பொறுக்கி ஒதுக்குவது அவள் வேலை. அவள் முடித்த குவியலில் நான் உட்கார்ந்து மறுபடி பொறுக்குவேன். அவள் மடித்த வேட்டியைப் பிரித்து மடிப்பேன். அவள் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன். பாழாய்ப்போன குணம். ஆறு வருடம் பொறுத்தவள் அன்று முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் செஞ்ச எதையாச்சும் சரின்னு விட்டிருக்கீகளா? அலுத்துப்போச்சு. நான் போறேன்."

ரோஷம் எனக்குத்தான் வந்தது. ஒரு மாதம் போன் செய்யவில்லை. சோறு இறங்கவில்லை. இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை தேவிபட்டினம் போனேன். அவளுக்கு நல்ல புத்தி கொடு என்று நவக்கிரகங்களிடம் கேட்கத்தான் போனேன். பாருங்கள், அப்போதும் திருத்த வேண்டியது அவளைத்தான்!

அங்கே நவக்கிரகங்கள் கடலுக்குள் ஒன்பது கல்லாக நிற்கின்றன. இறங்கி ஒன்பதையும் சுற்றினேன். அர்ச்சகர், "யார் பேருக்கு?" என்றார்.

"செல்வி. என் சம்சாரம்."

"நட்சத்திரம்?"

தெரியவில்லை. பொருத்தம் பார்த்தது எங்கள் அய்யா. நான் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. அவள் செய்த தவறுகளைக் கேட்டிருந்தால் நாள்வாரியாகச் சொல்லியிருப்பேன்.

"தெரியலைனா விடுங்க. வந்தது நீங்கதான? உங்க பேருக்கே செஞ்சிருவோம்," என்றார்.

தண்ணீரில் நின்று அழுதுவிட்டேன். சாமி, என்னைத் திருத்து என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கரையேறி, ஈர வேட்டியோடு போன் செய்தேன். "ஒன் நட்சத்திரம் என்ன செல்வி?"

"அனுஷம்," என்றாள். பிறகு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் வந்துவிட்டாள். அந்தக் கருணைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? நான் முழுசாக மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் கை அவள் குவியலுக்குப் போகிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுச் செம்பு ஆகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் பக்கத்தில் இருக்கிறாள்.

வீட்டில் இருப்பவரைத் திருத்தச் சொல்லி வேண்டப் போகிறவர்களே, தாராளமாகப் போங்கள், சாமி கேட்கும். அவர் நட்சத்திரத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அர்ச்சனை உங்கள் பேருக்கே இருக்கட்டும்.