ரெயால் ஷார்போனோவின் தெளிந்த தண்ணீர்

ரெயால் ஷார்போனோவின் குளத்தில் குளித்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். ரெப்பாந்தினி என்ற ஊரில் எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். அவற்றில் ஒன்பது வீடுகளின் பின்பக்கம், தரைக்கு மேலே சுவர் எழுப்பிய வட்டக் குளம் உண்டு. பனி போனதும் மே மாதம் திறப்போம், செப்டம்பரில் மூடுவோம். இடையில் கிடைக்கிற நான்கு மாதத்தில் மற்றவர்கள் குளிப்பார்கள். ரெயால் சுத்தம் செய்வார்.

காலை ஏழு மணிக்கு வலைக்கோலோடு குளத்தை ஒட்டிய மரத்தளத்தில் ஏறி நிற்பார். ஜூனில் மேப்பிள் விதைகள் சுழன்று விழும், பஞ்சு மரத்துப் பஞ்சு பறந்து வரும். ஒவ்வொன்றையும் சொந்தப் பகையாளியைப் போல வெறுத்து எடுப்பார். பிறகு குளத்தின் அடியில் படிந்த தூசியை உறிஞ்சும் ஓஸ் குழாய். பிறகு சுவரைத் தேய்க்கும் தூரிகை. சனிக்கிழமை தோறும் ஒரு சிறு புட்டியில் தண்ணீர் பிடித்துக் கடைக்கு எடுத்துப் போவார். அங்கே சோதித்துக் கொடுக்கும் சீட்டைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவார். அந்தக் கதவில் பேத்தியின் படம் ஒன்று இருந்தது. சீட்டுகள் கூடக் கூட அது கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

குளிக்க வேண்டுமானால் முதலில் தோட்டத்துக் குழாயில் காலைக் கழுவ வேண்டும். வெயிலுக்குத் தைலம் பூசியிருந்தால் இறங்கவே கூடாது. தலைமுடி நீளமாக இருந்தால் தொப்பி. அவருடைய மனைவி லிஸெட் ஒரு கோடையில் மூன்று முறை இறங்கினால் அதிகம். மூன்று முறையும் அவர் மேலே வலைக்கோலோடு நின்றுகொண்டிருப்பார்.

"மெதுவா நகரு, அடியில இருக்கிறதெல்லாம் கலங்குது."

"நான் என்ன எருமையா, ரெயால்?"

"எருமைன்னு நான் சொல்லலையே. மெதுவான்னுதான் சொன்னேன்."

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் எங்கள் தெரு மதித்தது. யார் வீட்டுத் தண்ணீர் பச்சையானாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து மூக்கைச் சுளித்து, அரை மணி நேரம் பேசுவார். என் அப்பாவும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெறும்வரை முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் முழங்கால்கூடச் சிராய்க்கவில்லை என்பது அவர் வாயில் தேய்ந்துபோன வாக்கியம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு, பாதுகாப்பு பற்றி இனி யாரும் தனக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அவருடைய மகள் மிலேன் ரிமூஸ்கியில் தாதியாக வேலை செய்கிறாள். காரில் ஆறு மணி நேரம். நான்கு கோடைக்கு முன்னால் அவள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த தன் மகள் ஃப்ளாவியோடு வந்தபோது, குளத்துக்கு ஏறும் படிக்கட்டின் கதவு ஒரு கயிற்றால் திறந்தபடி கட்டப்பட்டிருந்தது. ஓஸைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கதவு முதுகில் இடிக்கிறதாம். மிலேன் கயிற்றை அவிழ்த்தாள். மறுநாள் காலை மறுபடி கட்டியிருந்தது. அன்றே கிளம்பிவிட்டாள். கதவு சரியாகும்வரை பிள்ளையைக் கூட்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு லிஸெட்தான் வருடத்துக்கு ஒருமுறை பேருந்து ஏறிப் போய் இரண்டு நாள் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஜூலைக் கடைசியில் இரண்டு வாரம் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை. ஊரே வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு இருக்கும். அந்த இரண்டு வாரம் ஃப்ளாவி தன் வீட்டில் இருக்க வேண்டும். லிஸெட் வேறு எதையும் கேட்டதில்லை.

போன வருடம் ஏப்ரலில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எல்லா வீட்டுக்கும் வந்ததுதான். படிக்கட்டின் கதவு தானாக மூடித் தானாகத் தாழ் விழ வேண்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் பிள்ளைகள் ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீரை வடிகட்டிக்குத் தள்ளும் மோட்டார் உட்பட.

கதவு வாங்குவதில் ரெயாலுக்குச் சந்தோஷம். பளபளப்பாக ஒன்று வாங்கி மாட்டினார். மோட்டார்தான் சிக்கல். அது சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. தள்ளி வைத்தால் ஓஸ் நீளமாகும், நீளமானால் இழுக்கிற வேகம் குறையும், மூலையில் தூசி தங்கும் என்றார். என்ன மூலை? குளம் வட்டம். ஆனால் யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் மரம் அறுத்தார். மோட்டாரை மூடி அழகாக ஒரு பெட்டி செய்தார். வெள்ளைச் சாயம் அடித்தார். மேலே சிவப்புப் பூந்தொட்டி. பக்கத்தில் குளோரின் வாளி வைக்கத் தாழ்வாக ஒரு தட்டு. நகராட்சியிலிருந்து சோதிக்க வந்த இளம்பெண்ணிடம் புதுக் கதவைத் திறந்து திறந்து விட்டுக் காட்டினார். அது ஒவ்வொரு முறையும் சரியாக மூடித் தாழ் விழுந்தது.

"அது என்னங்க ஐயா, சுவர் பக்கத்துல?"

"பூத்தொட்டி வைக்கிற பெட்டிம்மா. என் சம்சாரத்துக்குப் பூன்னா உயிரு. அத இன்னைக்கே தூக்கிடறேன்."

மோட்டாரை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்தார். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை தெருவே அவர் மரத்தளத்தில் பீர் குடித்தது. அவர் அந்தப் பெண்ணின் குரலைப் போலப் பேசிக் காட்டினார். என் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். லிஸெட் மட்டும் ஹாட் டாக் ரொட்டிகளைப் பிளந்துகொண்டு, "அந்தக் கடுதாசில மோட்டாரையும் தள்ளச் சொல்லியிருக்கே?" என்றாள்.

"உனக்குக் கதவுதானே வேணும்? கதவு வந்தாச்சில்ல?"

லிஸெட் கதவைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். பெட்டி படத்தில் வரவில்லை. மிலேன் வருகிறேன் என்றாள். லிஸெட் சின்ன அறைக்குப் புதுத் திரை தைத்தாள், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள், மறுபடி சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தினமும் ரிமூஸ்கிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

ஜூலை இருபதாம் தேதி வந்தார்கள். ஃப்ளாவிக்கு அப்போது நான்கு வயது. வந்ததும் மிலேன் கதவைப் பத்து முறை திறந்து விட்டுப் பார்த்தாள். சுவரோரத்துப் பெட்டி என்ன என்று கேட்டதற்கு, அம்மாவின் பூப்பெட்டி, நாளைக்கே தூக்கிவிடுவேன் என்றார் ரெயால்.

"சரி அப்பா. நல்லா செஞ்சிருக்கே."

"முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களை ஏத்தி இறக்கினவன்கிட்டயா சொல்ற?"

மூன்றாம் நாள் காலை அப்பா புல் வெட்டிவிட்டு எங்கள் தோட்டத்தில் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ரெயாலும் காலையிலேயே வெட்டி முடித்துவிட்டு, மரத்தளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு தரையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மிலேன் வீட்டுக்குள் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தாள். லிஸெட் பின்வாசல் படியில் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். ஃப்ளாவி உரித்த தோலைப் பொம்மைக்குச் சட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் பொங்கியது. லிஸெட் அதை இறக்கி வைக்க உள்ளே போனாள். அவ்வளவு நேரம்தான்.

பிள்ளை வாளித் தட்டில் கால் வைத்தது. பெட்டிமேல் ஏறியது. பூந்தொட்டியைத் தள்ளிவிட்டு, சுவர் விளிம்பில் வயிற்றை வைத்து ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டது. மரத்தளத்தில் இரண்டு மீட்டர் தூரத்தில் தாத்தா. அப்போதுதான் அவர் திரும்பினார். அவர் கத்தியது தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

"புல்லு. கால்ல புல்லு, தண்ணியில கொட்டுது பாரு."

பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. விழுந்துவிடுவாய் என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த கோலையும் விடவில்லை. லிஸெட் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். இருவரும் புல்லில் விழுந்தார்கள். சோளத்தோல் எங்கும் சிதறியது.

மிலேன் ஈரத் தலையோடு வந்தாள். பெட்டியின் முன்பலகையைக் காலால் உதைத்தாள். இரண்டாவது உதையில் கழன்றது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"இது பூப்பெட்டியா, அப்பா?"

"அது நகராட்சிக்காரிக்காகச் செஞ்சது."

"அவளுக்கா பிள்ளை இருக்கு இங்க?"

அன்று மதியமே கார் கிளம்பியது. லிஸெட் வேக வைத்த சோளத்தைத் துணியில் சுற்றிக் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கார் திரும்பியபிறகும் வாசலிலேயே நின்றாள். பின்பக்கம் ரெயால் வலையால் புல்லை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துணுக்காக, பொறுமையாக. அந்த மனிதர் மீது எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் அந்த மதியம் போய்விட்டது.

சனிக்கிழமை அவர் புட்டியோடு கடைக்குப் போனார். அங்கிருந்து பழைய ஓட்டுநர்களோடு காப்பி குடிக்கப் போவது வழக்கம். திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். லிஸெட் பின்பக்கம் வந்தாள். தரையை உறிஞ்சும் ஓஸைக் குளத்தின் அடியில் இறக்கினாள். மோட்டாரை ஒட்டி நின்ற வடிகட்டியின் தலையில் இருந்த கைப்பிடியைத் திருப்பி, தண்ணீர் குளத்துக்குத் திரும்பாமல் வெளியே போகும்படி வைத்தாள். மோட்டாரைப் போட்டாள். உடைந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

ரெயால் வந்தபோது தண்ணீர் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

"லிஸெட், நிறுத்து."

"மோட்டாரைத் தள்ளி வை. நிறுத்துறேன்."

"இன்னைக்கு எப்படி முடியும்? நீள ஓஸ் வேணும், தளம் போடணும். அடுத்த மே மாசம் பாக்கலாம்."

"அப்போ அடுத்த மே மாசம் தண்ணி விட்டுக்கோ."

"வெயில்ல உள்ள விரிச்சிருக்கிற பிளாஸ்டிக் சுருங்கிப் போயிடும்."

"சுருங்கட்டும்."

அவர் கையில் இருந்த சீட்டை நீட்டினார். "இதப் பாரு. குளோரின் சரி, எல்லாம் சரி. இந்த வருஷத்துலயே நல்ல தண்ணி இதுதான்."

"தண்ணி நல்லா இருக்கான்னு சோதிச்சே. பிள்ளை நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவளைத் தாண்டி அவரால் கைப்பிடியைத் தொட முடியவில்லை. தொடும் துணிச்சலும் இல்லை. வேலிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "லிஸெட், ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீயும் சிரிச்சவன்தானே? உள்ள போ."

அப்பா உள்ளே போனார். ரெயால் மரத்தளத்தில் உட்கார்ந்து சுவரில் தண்ணீர்க் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மோட்டார் காற்றை இழுத்து உறுமியது. லிஸெட் அதை நிறுத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள்.

"கணுக்கால் அளவுதான் இருக்கு. அதையும் இப்ப வாளியில அள்ளிக் கொட்டிடுவேன். கூட்டிட்டு வாம்மா."

புதன்கிழமை வந்தார்கள். லிஸெட்டுக்கு எட்டு நாள் கிடைத்தது. ஃப்ளாவி முன்பக்கத்துத் தோட்டக் குழாயில் நாள் முழுவதும் நனைந்தாள். ரெயால் அந்த எட்டு நாளும் சரியாகப் பேசவில்லை. தன் வீட்டில் தனக்கு அநியாயம் நடந்துவிட்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதையும் ஆமாம் ஆமாம் என்று கேட்பதற்கு எங்கள் தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

இந்த மே மாதம் புதுப் பிளாஸ்டிக் விரித்து மறுபடி தண்ணீர் விட்டார். மோட்டார் இப்போது சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, வேலியோரம், சிமெண்டுத் தளத்தின்மேல் நிற்கிறது. தள்ளி வைத்தால் சூடு குறையும், மோட்டார் பல வருடம் உழைக்கும், அதைத் தானே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் அரை மணி நேரம் விளக்குகிறார். அவர் சொன்னால் எங்கள் தெரு கேட்கும். ஐந்து வீட்டில் மோட்டாரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அப்பாவும் நேற்று குழி தோண்டினார். நகராட்சியின் கடிதம் ஒரு வருடமாக எங்கள் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

வேலியருகே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லிஸெட்டிடம் நான் கேட்டேன், எல்லாம் தன் யோசனை என்று அவர் சொல்லித் திரிகிறாரே, கோபம் வரவில்லையா என்று.

"சொல்லிக்கட்டும்," என்றாள். "வெள்ளிக்கிழமை ஃப்ளாவி வரா. இந்தத் தடவை ரெண்டு வாரம் முழுசா."