'பத்தே நிமிட' மனைக்கு நடந்து போனோம்

காலை 8.10, தாம்பரம். செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தும் என் கணவர் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைதான் வேன்ல போய்ப் பார்த்தாச்சே லலிதா, மறுபடி எதுக்கு?"

"பார்த்தது நீங்க. நான் பார்க்கலையே!"

விஷயம் இதுதான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வந்த பி.எஃப். பணம் பதினெட்டு லட்சம். அதை மூத்த குடிமக்கள் டெபாசிட்டில் போட்டு, மூன்று மாதத்துக்கொரு முறை வரும் வட்டியில் வாடகை, மளிகை, மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் நிம்மதியாக இருப்போம் என்பது என் எண்ணம். இவரோ மனை விற்பவர்களின் இலவச வேனில் ஏறிப் போய், அவர்கள் போட்ட மட்டன் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, டோக்கன் அட்வான்ஸ் என்று இருபத்தைந்தாயிரத்துக்கு செக் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். ஏன் என்று கேட்டால், "சாப்பிட்டுட்டு எப்படி சும்மா எழுந்து வர்றது?" என்கிறார். பெரிய மானஸ்தர்! நாளை பத்திரப் பதிவு. அதோடு பதினெட்டும் போய்விடும். விடுவேனா நான்?

8.35, கூடுவாஞ்சேரி. 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்றது நோட்டீஸ். "அப்போ நடந்தே போவோம்" என்றேன். வழி கேட்ட ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நடந்தா? இன்னாக்கா பேஜார் பண்றீங்க! ஆறு கிலோமீட்டர் கீது. இருநூறு குடுங்க, வுட்டுட்டு வரேன்."

"வேண்டாம்ப்பா. குடிவந்தா தினமும் இருநூறு கொடுக்க முடியுமா?"

"வேன்ல பத்து நிமிஷம்தான் ஆச்சு" என்று இவர் முனகிக்கொண்டே வந்தார்.

கடைத்தெரு முடிந்தது, அடுக்குமாடிகள் முடிந்தன, கடைசியில் தார்ச்சாலையும் முடிந்தது. சேற்றில் செருப்பு வழுக்கியது. என் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. வாயே திறக்கவில்லை. திறந்தால் இவர் ஆட்டோ பிடித்துவிடுவார்.

10.20. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. நடுவில் ஒரே ஒரு வீடு. எங்களைப் பார்த்ததும் அதிலிருந்து ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், பெயர் தனசேகர். மனைவி தவறிவிட்டார். வந்த பணம் மொத்தத்தையும் இந்த வீட்டில் போட்டிருக்கிறார். இவர் எங்கள் மனை நம்பரைச் சொன்னார்.

"முப்பத்தாறாம் நம்பரா? என் பக்கத்து மனை சார்! வாங்கிடுங்க. நல்லா காத்து வரும். பாம்புகூட இப்பல்லாம் வர்றதில்ல."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் இன்னொரு டீ. எழுந்தால், "இருங்க சார், வெயில் தாழட்டும்" என்றார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை!

"திங்கக்கிழமை கேஸ் சிலிண்டர் போடறவர் வந்தார். அதுக்கப்புறம் நீங்கதான்" என்றார். இன்று வியாழன்.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். சாயங்காலம் ஐந்தடித்தால் தாம்பரம் பூங்காவில் நான்கு நண்பர்களோடு உட்கார்ந்து சண்டை போடாவிட்டால் இவருக்கு ராத்திரி சோறு இறங்காது. வெளியே போய் மனைக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"பிரியாணி நல்லாயிருந்துச்சு தம்பி. மனை வேணாம்... டோக்கன் திரும்ப வராதா? சரி, வச்சுக்கோங்க."

இருபத்தைந்தாயிரம்! எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த நிமிஷம் இவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அப்படியே கிளம்பியிருக்கலாம். இவர் மாட்டேன் என்றார். உள்ளே போய், "சார், நாங்க வாங்கல. மன்னிச்சுக்கோங்க" என்று நேருக்கு நேர் சொன்னார். தனசேகர் தலையாட்டினார். முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்கண்ணா. தாம்பரம்தான்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எதுக்கும்மா?" என்றார். "இப்பவே வரேனே."

நாங்கள் பதில் சொல்வதற்குள் சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.