பென்டிரைவ் மேல் போட்ட பழி

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் அசனப் பண்டிகைக்கு, படுக்கையில் இருக்கும் என் அக்கா வர முடியவில்லை. வீடியோவாவது பார்க்கட்டும் என்று முப்பத்திரண்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கினேன். ஆறு ஜிபி வீடியோ அதில் ஏறவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. 'ஃபைல் பெரிசு' என்ற மட்டுக்கும் பார்த்துவிட்டு மூடினேன்.

நேரே பாளையங்கோட்டையில் வாங்கிய கடைக்கே போனேன். "முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு, ஆறு கூடக் கொள்ளல. இப்படியா ஏமாத்துவீங்க அண்ணாச்சி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் உடனே வேறொன்று எடுத்துத் தந்தார். அதிலும் ஏறவில்லை.

கூடங்குளத்தில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். "எம்மா, என்ன எழுதிருக்குன்னு முழுசா வாசிங்க" என்றாள். வாசித்தேன். இடம் இல்லை என்று எங்குமே இல்லை. அந்தப் பென்டிரைவின் ஃபார்மட்டில், அதாவது அது ஃபைல்களைப் பதிந்து வைக்கும் முறையில், நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது என்று மகள் விளக்கினாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரித்து, எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு ஃபார்மட்டுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினேன், ஏறிவிட்டது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சியே சொன்னார்: "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அந்தப் பென்டிரைவெல்லாம் வந்த பெட்டியையே ஓரமா எடுத்து வச்சிட்டேன். கம்பெனிக்கே திருப்பி அனுப்பிருதேன்."

உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முகம் எரிந்தது.

இப்போது திரையில் எது வந்தாலும் கடைசி எழுத்துவரை வாசிக்கிறேன். 'கேள்வியை முழுசா வாசி' என்று காலமெல்லாம் பிள்ளைகளைத் திட்டியவள் நான்.