அந்துருண்டை மணக்கும் கவுன்கள்

சென்ற வாரம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். தொட்டிக்குள் நாலைந்து அந்துருண்டைகள் கிடந்தன. பாதி கரைந்து, யாரோ கழுவிவிட்ட சோற்றுப் பருக்கைகளோடு உருண்டுகொண்டிருந்தன. கையைக் கழுவாமலே வாசலுக்கு ஓடினேன். உடன் வந்த நண்பர், "என்னப்பா, மீனு ஒத்துக்கலையா?" என்றார். மீன் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாசனைதான் ஆகவில்லை. மற்றவர்களுக்கு அது கழிப்பறை வாசனை அல்லது பட்டுச்சேலை வாசனை. எனக்கு அது விருந்தாளி வரும் நாளின் வாசனை.

சொல்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. கடல் ஊருக்குள் புகுந்த அந்த டிசம்பருக்குப் பிறகு முளைத்தது. எங்கள் பக்கம் இலங்கை குறுக்கே கிடப்பதால் அலை பெரிதாக வரவில்லை. இல்லம் மட்டும் வந்துவிட்டது. வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கடலுக்கு அப்பாலிருந்து பணம் அனுப்பும் ஓர் 'அம்மா' அல்லது 'அப்பா' உண்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களை நான் எழுத வேண்டும்.

அந்த வேலையில் எனக்குப் பெருமை கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கையெழுத்து வைத்திருந்தேன். ஒருத்தி எழுத்துகளை இடப்பக்கம் சாய்ப்பாள், ஒருவன் எப்போதும் இரண்டு சொற்களைத் தப்பாக எழுதுவான். எல்லாரும் நான் படித்த நாவல்களின் அந்திவானத்தைப் பார்த்து வியப்பார்கள். மேலாளர் கமுதிப் பக்கத்துக்காரர். கடிதங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் "வானமெல்லாம் போதும் தம்பி. கொஞ்சம் அழுகையப் போடுங்க" என்பார்.

யாருமே இல்லாத பிள்ளைகள் அங்கே ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்களுக்கு அம்மா இருந்தார்கள். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போகும் அம்மாக்கள், மீன் காயப்போடும் அம்மாக்கள், மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் அம்மாக்கள். சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டவர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வாசலருகே வேலமர நிழலில் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். இல்லத்தின் ஏடுகளில் மட்டும் அவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள்.

அந்துருண்டைக்கு வருகிறேன். அலுவலக அறையில் ஒரு பெரிய தகரப்பெட்டி. வெளிநாட்டு அம்மாமார் அனுப்பிய கவுன்கள் அதற்குள் அந்துருண்டைகளோடு கிடக்கும். அனுப்பியவர் நேரில் வருகிற நாளில் மட்டும் பெட்டி திறக்கப்படும். பிள்ளைகள் கவுனை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்று தும்முவார்கள். அன்று தலைக்கு எண்ணெய் கிடையாது. "எண்ணெ வச்சா போட்டோவுல செழிப்பாத் தெரியும்" என்பது மேலாளரின் கணக்கு. விருந்தாளியின் கார் சாலையில் ஏறியதும் கவுன்கள் திரும்பப் பெட்டிக்குள் போகும். வியர்வையோடு அப்படியே மடித்து வைப்பார்கள். மறுமுறை பெட்டியைத் திறக்கும்போது எழும் புழுக்கத்தை நான் உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை.

நிர்மலா என்றொரு சிறுமி. முகாமிலிருந்து வந்தவள். ஒருநாள் அவள் குடும்பம் இலங்கைக்கே திரும்புவதென்று முடிவாகி, தாய் வந்து கூட்டிப்போய்விட்டாள். நான் பதிவேட்டில் கோடு போடப் பேனாவை எடுத்தேன். மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டார். "பேர வெட்டிராதீக. அந்த டீச்சரம்மா மாசாமாசம் எழுதுறாங்கள்ல?" அந்த டீச்சரம்மா பனி பெய்யும் ஒரு நாட்டில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இல்லாதவர். நிர்மலா போன பிறகும் ஒன்றரை வருடம் நான் நிர்மலாவாக அவருக்கு எழுதினேன். வகுப்பில் முதலிடம் வாங்கினேன், ஒரு பல் விழுந்தது, காய்ச்சலில் படுத்து எழுந்தேன். அப்போதுதான் அவர் எழுதினார், மூன்று விமானம் மாறி வருகிறேன், உன்னைப் பார்க்க வேண்டும் என்று.

சென்னையிலிருந்து ரயிலில் எந்தக் கிழமை வந்தால் வசதி என்று நாள் குறித்துக் கொடுத்தவன் நான்தான். தேதி விஷயத்தில் நான் பெரிய புலி என்று எனக்கு நினைப்பு. பாம்பன் பாலத்தில் வண்டி நின்ற நாட்களைக் கூட நாட்குறிப்பில் எழுதி வைப்பவன். குறித்துக் கொடுத்த நாள் ஐப்பசி மாதத்து இரண்டாம் ஞாயிறு, அம்மாக்கள் வரும் நாள் என்பது பிறகுதான் உறைத்தது. முந்தைய மாதம் வந்த அம்மாக்களிடம், அடுத்த முறை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முந்தைய மாதம் வராத ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை.

அவள் பெயர் நம்புத்தாய். திருப்பாலைக்குடியில் நண்டுக் கம்பெனியில் நண்டு உடைக்கிறவள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பேருந்து மாறி, தூக்குவாளியில் நண்டுக் குழம்போடு வந்து நின்றாள். அவளுடைய மகள் முனீஸ்வரியைத்தான் அன்று காலை மேலாளர் நிர்மலாவாக நியமித்திருந்தார். அதே வயது, அதே நிறம், விழுந்த பல் கூடப் பொருத்தமாக விழுந்திருந்தது.

"ஏம்மா, இன்னைக்குத்தானா வரணும்?" என்றார் மேலாளர்.

"பிள்ளையப் பாத்துட்டு உடனே போயிர்றேன்யா. கம்பெனியில மாசச் சம்பளத்துக்குக் காத்து நின்னதால போன மாசம் வர முடியல."

"பாரு, யாரு வேணாங்குறா? பின்னால அடுப்படிக்குப் போயி சாம்பார் வாளியத் தூக்கு. பரிமாறிக்கிட்டே பாரு. புள்ளகிட்டப் பேசிறாத. பேசுனேன்னா நாளைக்கே ரெண்டு பேரும் ஊரப் பாத்துப் போக வேண்டியதுதான்."

ஆசிரியை வந்தார். வெயிலில் முகம் சிவந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "நிர்மலா?" என்றார். நான் சொல்லிக் கொடுத்தபடி முனீஸ்வரி ஓர் அடி முன்னால் வந்து, "எஸ் மம்மி" என்றாள். அவர் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். சாம்பார் வாளியோடு அடுப்படி வாசலில் நின்ற நம்புத்தாய் இதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மேலாளர் என்னைப் பார்த்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் ஆசிரியை பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எதிரே நான், மொழிபெயர்ப்புக்கு. கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டார், "இவளுக்குத் தன் தாயை நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்."

அப்போது நம்புத்தாய் மகளின் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நான் பிள்ளையிடம், "சாப்பாடு நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு சார்."

ஆசிரியையிடம், "நினைவில்லை என்கிறாள்" என்றேன்.

ஆங்கிலத்தில் தயக்கமே இல்லாமல் வந்தது அந்த வாக்கியம். ஆசிரியை அழுதார். நம்புத்தாய் குனிந்து என்னிடம் கேட்டாள், "ஏன் சார், அந்தம்மா அழுவுது? ஒறப்பா இருக்கா?" "ஆமா" என்றேன். அவள் ஓடிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த அன்பான பெண் யார் என்று கேட்டார். சமையலுக்கு உதவுகிறவள் என்றேன். அன்று மாலை அவர் படம் எடுத்தபோது, இவளும் நிற்க வேண்டும் என்று இழுத்து நிறுத்தினார். மேலாளர் தடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. நம்புத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கை தானாக மகளின் தோளுக்குப் போயிற்று.

அந்த ஞாயிறுக்கான என் நாட்குறிப்பு இப்போதும் இருக்கிறது. "காலை சிறு தூறல். விருந்தினர் வருகை. பாம்பனில் காற்று, வண்டி தாமதம்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். காற்றுக்கு இடம் இருந்திருக்கிறது.

கார் போன பிறகு கவுன்களைக் கழற்றினார்கள். முனீஸ்வரி பாவாடையோடு அடுப்படிப் பின்புறம் ஓடினாள். காலையிலிருந்து வெக்கையில் இருந்த நண்டுக் குழம்பு நுரைத்துப் போயிருந்தது. நம்புத்தாய் அதைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகளை இழுத்து மடியில் வைத்துத் தலையை முகர்ந்தாள்.

"என்னடி இது, பெட்டி வாடை அடிக்குது."

"எம்மா, இன்னைக்கு நாந்தான் நிர்மலா."

"ஆரு சொன்னா?"

"சாரு."

அவள் நிமிர்ந்து, அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நிர்மலாவோட அம்மா ஆரு சார்?" என்று மட்டும் கேட்டாள். நான் அலுவலகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அடுத்த மாதம் வந்து மகளைக் கூட்டிப்போய்விட்டாள். "கஞ்சியோ தண்ணியோ, எம்புள்ள எங்கூடக் கிடக்கட்டும்" என்றாள். மேலாளர் அலட்டிக்கொள்ளவில்லை. "போகட்டும் தம்பி. பேரு நம்மகிட்டதான இருக்கு." நானும் தொடர்ந்து நிர்மலாவாக எழுதினேன். உங்களைப் பார்த்த நாள்தான் என் வாழ்வின் இனிய நாள் என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலோடு படம் வந்தது, ஒரு பிரதிதான். மோர் கொடுத்த பெண்ணுக்குக் கொடுங்கள் என்று பின்புறம் எழுதியிருந்தார். மேலாளர் அதைப் பார்த்த மாத்திரத்தில், "இது வெளிய போகக் கூடாது. நாளைக்கே எவனாச்சும் ரெண்டு மூஞ்சியையும் ஒப்பிட்டுப் பாத்தான்னா?" என்றார். உண்மைதான். படத்தில் அந்த இரண்டு முகமும் ஒரே முகம். என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

தை மாதம் ஒரு புதன்கிழமை நம்புத்தாய் வந்தாள். கம்பெனியில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் நண்டு ஓடு கிழித்த காயங்கள்.

"சார், அன்னைக்கு எடுத்த படம் வந்துச்சா? நானும் எம்புள்ளையும் சேந்து எடுத்த படம் ஒண்ணு கூட இல்ல. அவ அப்பா இருந்தப்பவும் எடுக்கல."

மேலாளர் அன்று மதுரைக்குப் போயிருந்தார். அறையில் வேறு யாருமில்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. இழுப்பறை என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நான் இத்தனை துல்லியமாகச் சொல்வது, பயந்துவிட்டேன் என்று நீங்கள் எனக்காக ஒரு சமாதானம் தேடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். பயம் எல்லாம் இல்லை. எழுந்து குனிந்து பூட்டைத் திறப்பது ஒரு தொந்தரவாகப் பட்டது. பிறகு மேலாளருக்குப் பதில் சொல்வது இன்னொரு தொந்தரவு.

"வரலைம்மா" என்றேன்.

"மறந்திருக்கும் சார். பாவம், வயசாயிருச்சுல்ல" என்றாள். "எழுதுனீகன்னா, நல்லாருக்கோம்னு எழுதுங்க." போய்விட்டாள்.

அதன் பிறகு இல்லம் நெடுநாள் இருக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகளை வேறு வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். கோப்புகளையும் மேசையில் இருந்தவற்றையும் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அதற்கு முன்பே நான் ராமநாதபுரத்தில் ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். சாவியை ஒப்படைத்த தேதி என்னிடம் இருக்கிறது. இழுப்பறையிலிருந்து படத்தை எடுக்கத் தோன்றவில்லை.

பல வருடம் கழித்துத் திருப்பாலைக்குடிக்குப் போனேன். அந்த நண்டுக் கம்பெனி இல்லை. அதன் இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டும் வெடித்துக் கிடந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நம்புத்தாயைக் கேட்டேன். "கம்பெனி மூடினதும் மகளக் கூட்டிக்கிட்டுக் கேரளாவுக்குப் போயிட்டா. அங்கன எங்கன்னு தெரியலயே. நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்றாள். சொல்ல ஓர் உறவுமுறை இல்லாமல் திரும்பிவிட்டேன்.

இல்லம் இருந்த இடத்தில் இப்போது ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கும் விடுதி. வேலமரமும் இல்லை. அந்தப் படத்தின் இன்னொரு பிரதி மட்டும் எங்கோ ஒரு குளிர்நாட்டில், ஒரு வயதான பெண்மணியின் தொகுப்பில் இருக்கக்கூடும். அவர் ஒழுங்கானவர். படத்தின் கீழே பெயர்களை எழுதி வைத்திருப்பார். நான் சொன்னபடியே எழுதியிருப்பார்: நிர்மலா, அநாதை. பக்கத்தில், சமையலுக்கு உதவும் பெண்.