நாலாம் கூண்டின் ஓரத்து மீன்கள்

வெர்னா கஸபூமுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலை, அடுத்தவர் வளர்க்கும் மீனைப் பிடித்து அறுத்துப் பார்ப்பது. மீன்வளத்துறையில் அந்தப் பதவிக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் உண்டு. எங்கள் டிங்லி விரிகுடாவில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவள் வருவதைப் பார்த்தாலே, "டாக்டரம்மா வந்துட்டாங்க, மீனுங்கள எல்லாம் நாக்க நீட்டச் சொல்லு" என்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள், கோபப்படவும் மாட்டாள்.

மருத்துவம் படித்தவள் இல்லை. பதினெட்டு வருடம் மத்தி மீன் ஆலையில் நின்றுகொண்டே கத்தரிக்கோலால் மீன் தலையை வெட்டி டப்பாவில் அடுக்கியவள். சால்மன் கூண்டுகள் எங்கள் கடலில் பெருகியதும் நோய் பார்க்க ஆள் தேவைப்பட்டது. நாலு மாதப் பயிற்சி கொடுத்து அவளை எடுத்துக்கொண்டார்கள். துறையின் படகை ஓட்ட என்னை எடுத்தார்கள். ஒன்பது வருடம் நான் சுக்கானைப் பிடித்தேன், அவள் வலையைப் பிடித்தாள்.

வேலை இதுதான். மிதக்கும் வளையத்திலிருந்து தொங்கும் வலைக் கூண்டு ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் மீன் இருக்கும். அதில் ஐந்தை நீளக் காம்பு வைத்த கைவலையால் அள்ளி எடுக்க வேண்டும். வயிற்றைக் கீறி, சிறுநீரகத்தில் ஒரு துண்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த ஐந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நன்றாக இருக்கும் மீன் நடுவில் சுற்றும், தீனி விழுந்தால் துள்ளும். நோய் கண்ட மீனால் நீரோட்டத்தில் நிற்க முடியாது. அது வலையின் ஓரத்தில் சாய்ந்து, தலையை மேலே தூக்கியபடி தனியாக நிற்கும். முதலில் ஓரத்து மீனை எடு, எடுப்பதற்கு முன் தீனி போடாதே என்று துறையின் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் கடலைப் படத்தில் பார்த்தவர்கள் என்று நான் திட்டுவேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

"நடுவுல இருக்கறதப் புடிச்சு என்னடா பண்றது கில்?" என்பாள் வெர்னா. "சீக்காளிய வீட்ல படுக்க வெச்சுட்டு, பக்கத்து வீட்டுக்காரன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்."

கூண்டுக்காரர்கள் யாருக்கும் அவளைப் பிடிக்காது. விதிவிலக்கு ஹார்லி ஸ்டின்சன் ஒருவர்தான். சட்டம் ஒரு அடி சொன்னால் இரண்டு அடி போகிற மனுஷர். அவருடைய மிதவையில் நாங்கள் ஏறுமுன் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் பூட்ஸ் கழுவ வேண்டும். நாங்களே கழுவினால் நம்ப மாட்டார். குனிந்து, தானே தூரிகை போட்டுத் தேய்ப்பார், அதுவும் இரண்டு தடவை. "எம் மீனுக்குச் சளி புடிச்சிருந்தாக்கூட எழுதிடும்மா" என்பார். ஊர் அவரைக் கேலி செய்துதான் பொழுதைப் போக்கியது.

விரிகுடாவின் நடுவே ஓடும் கால்வாய்க்கு எதிர்ப்பக்கம் இருந்த ஐந்து கூண்டுகள் டுவைட்டினுடையவை. டுவைட் வெர்னாவின் தம்பி, ஒன்பது வயது இளையவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். அப்பா விட்டுப்போன, கரையோரம் கழி நட்டு ஹெரிங் மீன் பிடிக்கும் பட்டியை விற்றுவிட்டு இந்தக் கூண்டுகளில் இறங்கியிருந்தான். இது போனால் அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

தொண்ணூற்றேழு கோடையில் பக்கத்து விரிகுடாக்களுக்கு அந்த நோய் வந்தது. மனிதரை ஒன்றும் செய்யாது. மீனுக்குச் செவுள் வெளுத்துவிடும், ஈரல் கறுத்துவிடும், மருந்து கிடையாது. துறை உத்தரவு போட்டது: ஒரு கூண்டில் கண்டால் அந்தக் கூண்டின் மீன் அத்தனையையும் உடனே அழித்துவிட வேண்டும்.

செப்டம்பர் பதினாறாம் தேதி காலை டுவைட்டின் நாலாம் கூண்டுக்குப் போனோம். அவன் தீனி வாளியோடு மிதவையில் நின்றான். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. நான் படகைக் கட்டும்போதே பார்த்துவிட்டேன்.

"ஓரத்துல ஏழு நிக்குது" என்றேன்.

"தெரியும்" என்றாள் வெர்னா.

டுவைட் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினான். "மூணே வாரம். அக்டோபர் ஆரம்பத்துல இந்தக் கூண்ட அறுவடை பண்ணிடுவேன். அப்புறம் நீ என்ன வேணா எழுது."

"அப்படி எழுத முடியாது டுவைட்."

"உன்ன எழுதச் சொல்லல. எடுக்கறத நடுவுல எடுன்னுதான் சொல்றேன். அதுவும் எம் மீனுதான? பொய்யா?"

அவள் வலைக்காம்பைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். அவன் வாளியிலிருந்து ஒரு கை தீனியை அள்ளிக் கூண்டின் நடுவில் வீசினான். தண்ணீர் கொதித்தது. வெர்னா வலையை அங்கே விட்டாள். ஐந்து மீனும் வெள்ளிப் பாளமாக, தடதடவென்று அடித்துக்கொண்டு வந்தன. ஓரத்து ஏழும் அசையவில்லை. நான் எஞ்சினில் எதையோ சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

திரும்பும்போது அவள் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றே வாயைத் திறந்திருந்தால் ஒரே ஒரு கூண்டோடு போயிருக்கும்.

நாலாம் கூண்டில் நோய் இல்லை என்று பரிசோதனைக்கூடம் எழுதியது. அக்டோபரில் டுவைட் அங்கேயே வைத்து மீனை வெட்டினான். நோய் கலந்த ரத்தம் முழுக்க ஓதத்தோடு, கடலின் ஏற்றநீரோடு போனது. எங்கள் கால்வாயில் ஓதம் எதிர்ப்பக்கம்தான் ஏறும், ஹார்லியின் பக்கம்.

நவம்பரில் ஹார்லியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "ரெண்டாங் கூண்டுல மீனு ஓரத்துல நிக்குதும்மா. எனக்குப் புடிக்கல, வந்து பாரு." வெர்னா அன்று ஓரத்தில்தான் எடுத்தாள். முதல் மீனின் செவுளைத் திறந்தாள். அது வெளுத்திருந்தது.

அதன்பின் விரிகுடா முழுவதையும் சோதித்தார்கள். டுவைட்டின் மிச்ச நாலு கூண்டுகளிலும் இருந்தது. உத்தரவு வந்தது: டிங்லி விரிகுடாவில் ஒரு மீன் மிஞ்சக்கூடாது, இரண்டு வருடம் கடல் காலியாகக் கிடக்க வேண்டும். பன்னிரண்டு நாள் லாரி லாரியாக ஏற்றினார்கள். ஹார்லி தன் கூண்டுகளில் தானே நின்று, மீனை லாரிக்கு உறிஞ்சும் பம்புக் குழாயைப் பிடித்துக் கொடுத்தார். நான் அவரைப் பார்க்காமல் இருக்க எங்கெங்கோ வேலை தேடிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி சுவரில் வரைபடத்தை மாட்டினார். நோய் முதலில் தெரிந்தது ஸ்டின்சனின் கூண்டில். ஜூன் மாதம் அவர் வேறு விரிகுடாப் படகில் மீன்குஞ்சு கொண்டுவந்திருக்கிறார். அதனால் நோய் அவர் வழியாகத்தான் வந்தது, கடலைத் திரும்பத் திறக்கும்போது அவருடைய உரிமம் புதுப்பிக்கப்படாது என்றார்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "எங்க பூட்ஸ எல்லாம் கழுவினாரு, தன் படகக் கழுவ மறந்துட்டாரு" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லாவற்றையும் இழந்தவர்களின் சிரிப்பு அது, கேட்கச் சகிக்கவில்லை.

ஹார்லி எழுந்தார். தொப்பி கையில் இருந்தது. "அந்தப் படகு கழுவினதுக்குச் சீட்டு வெச்சிருக்கேன். அத விடுங்க. வெர்னா, எல்லாக் கூண்டையும் பார்த்தவ நீ. எனக்கு முன்னாடி எங்கயும் இல்லையா? உன் வாயால சொல்லிட்டா நான் ஒத்துக்கறேன்."

வெர்னா முன்வரிசையில் இருந்தாள். இரண்டு வரிசை தள்ளி டுவைட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவரோரமாக நின்றேன். அவள் மெதுவாக எழுந்தாள்.

"செப்டம்பர் பதினாறு, டுவைட்டோட நாலாம் கூண்டு. ஓரத்துல ஏழு மீன் நின்னுச்சு. நான் அத எடுக்கல. தீனி போட்டு நடுவுல எடுத்தேன்."

 அதிகாரி பேனாவை எடுத்தார். "தீனி போட்டது யாரு?"

"நான்தான்."

"உங்க தம்பி சொல்லியா?"

"அவன் அங்க இல்ல."

"படகோட்டி?"

"எஞ்சினப் பார்த்துட்டுக் குனிஞ்சிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது."

டுவைட் தலையைத் தூக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சம்பளம் வேண்டியிருந்தது என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அது வெறும் பயம்.

ஹார்லி தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பினார். "வெர்னா, உன் பூட்ஸ எத்தனை தடவ கழுவியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அவள் உட்கார மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

ஹார்லியின் உரிமம் தப்பியது. வெர்னாவின் வேலை அந்த வாரமே போனது. மத்தி ஆலையில் பழைய இடமே கிடைத்தது, கத்தரிக்கோலோடு. ஊரில் யாரும் அவளை டாக்டரம்மா என்று கேலி செய்யவில்லை, பேசினால்தானே கேலி செய்வதற்கு. வசந்தத்தில் டுவைட் எண்ணெய் வயல் வேலைக்கு மேற்கே போனான். அவளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அவளுடைய இடத்துக்குத் துறை என்னைப் போட்டது. நான் வேண்டாம் என்று சொல்லலாம் என்றிருந்தேன். ஆலை வாசலில் அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"எடுத்துக்கோ" என்றாள். "அன்னைக்கு ஏழுன்னு சரியா எண்ணினது நீதான."

திட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. போன பிப்ரவரியில் அவள் இறந்தாள். அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். ஹார்லி வரவில்லை.

கடல் திறந்து வெகுகாலம் ஆகிறது. ஹார்லிக்கு எண்பது நெருங்குகிறது, ஆனாலும் கூண்டுகளை விடவில்லை. மாதம் ஒருமுறை நான் வலையோடு அவருடைய மிதவைக்குப் போகிறேன். ஓரத்தில்தான் எடுக்கிறேன். "நீ நேர்மையானவன் கில், அவள மாதிரி இல்ல" என்று சொல்லிக்கொண்டே, முட்டியைப் பிடித்தபடி குனிந்து, என் பூட்ஸை இரண்டு தடவை கழுவுகிறார். நான் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.