கொட்டாஞ்சேனையில் வெடித்த பீமுக்குக் கீழே ஒரு வகுப்பு

சென்ற மாதம் நான் கொழும்புக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என்னோடு கம்பஸில் படித்த சுபா, கொட்டாஞ்சேனையில் பழைய கட்டடமொன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து ரியூசன் வகுப்பு நடத்துகிறாள். ஒரு நேரத்தில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். "சீலிங் பீமில ஒரு வெடிப்பு. நீ கட்டட எஞ்சினியர்தானே, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ" என்றாள். பழைய கட்டடத்தில் வாடகைக்கு இடம் எடுக்கப் போகும் எவருக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு நேரே வரும் குளிரூட்டிய பஸ்ஸுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். விடியற்காலை இறங்கி, கடற்கரைப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் குளித்துச் சாப்பிட்டேன். அங்கிருந்து கோட்டை ஸ்டேசனுக்கு ரயிலில் போங்கள். காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் அவியத் தேவையில்லை. அரை மணி நேரம்கூட ஆகாது. இடப்பக்கம் நின்றால் வழிமுழுக்கக் கடல். எனக்கோ தண்டவாளத்தை ஒட்டிய மாடிகளின் பல்கனிகளில் துருக்கறை எங்கே ஒழுகுகிறது என்றுதான் கண் போனது. தொழில் அப்படி.

கோட்டையில் ஓட்டோ பிடித்தேன். முந்நூற்றைம்பது ரூபாய். கட்டடத்தைச் சொன்னதும் சாரதி, "அந்த பில்டிங்கா மிஸ்? இப்பதான் பெயிண்ட் அடிச்சாங்க. புதுசு மாதிரி இருக்கு" என்றார்.

உண்மைதான், பளபளவென்று இருந்தது. கீழே கடை, நடுவில் களஞ்சியம், மேலே சுபாவின் மண்டபம். அன்றும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் தலைக்கு மேலே, புதிய வெள்ளைப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு, கூரைத் தட்டைத் தாங்கும் பீமின் நடுவில் வெடிப்பு மறுபடி வந்திருந்தது. பூசி மூடிய வெடிப்பு திரும்பவும் திறந்தால், உள்ளே ஏதோ இன்னும் அசைகிறது என்று பொருள். கதிரையில் ஏறித் தட்டினேன். உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. உள்ளங்கை அளவு பூச்சுக் கழன்று விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாகத் துருவாகியிருந்தது. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால், அதே பீமுக்கு நேர் மேலே நிரம்பிய தண்ணீர்த் தாங்கிகள் நான்கு.

"சுபா, பிள்ளைகளை இப்பவே இறக்கு" என்றேன்.

அவள் உடனே புத்தகத்தை மூடினாள். வரிசை வரிசையாக எழுப்பி, ஓடவிடாமல் கீழே அனுப்பினாள். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை என் கண் அந்த பீமை விட்டு அகலவில்லை.

கட்டடச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். நரைத்த, மரியாதையான மனிதர். "எஞ்சினியர் ஒருத்தர் பாத்துச் சைன் பண்ணித் தந்திருக்கார் மிஸ். சும்மா ஆக்களைப் பயப்படுத்தாதீங்க" என்றார். சைன் வைத்தவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"நான் கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினனான்."

"பெயிண்ட் அடிக்க முந்தியா, பிறகா பாத்தனீங்கள்?"

"பிறகு."

"உள்ள கம்பி எப்பிடியெண்டு பாக்கேல்லையா?"

"அதைப் பாக்கச் சொல்லி அவர் கேக்கேல்லையே."

தொலைபேசியை வைத்தேன். சொந்தக்காரர் விடவில்லை. "சரி, நீங்களே சொல்லுங்க. இது விழுமா, விழாதா?"

"தெரியாது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியாதுதானே! இவ்வளவு வருசம் நிக்குது. பிறகென்ன?"

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பீம் எவ்வளவு தாங்கும் என்பதும், நாளை அதன்மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்பதும் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. அதனால்தான் கட்டும்போதே தேவைக்கு மேலாகப் பலம் வைத்துக் கட்டுகிறோம். இங்கே துரு அந்த மேலதிகப் பலத்தைக் கீழிருந்து தின்கிறது, தாங்கிகள் மேலிருந்து தின்கின்றன. எவ்வளவு மிச்சம் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது. அவரோ அந்தத் தெரியாமையைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, ஆபத்தை முழுவதும் பிள்ளைகளின் தலையில் வைக்கிறார். சந்தேகம் இருந்தால் அதன் பலன் பிள்ளைகளுக்கல்லவா போக வேண்டும்?

சுபா வகுப்பை நிறுத்தினாள். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை நெருங்குவதால் பெற்றோர் சிலர் அவளைத்தான் ஏசினார்கள். ஒரு மாணவியின் தாய் வகுப்பு நடத்தத் தன் வீட்டு முன்னறையை ஒதுக்கித் தந்தார். அடுத்த கிழமையே சொந்தக்காரர் மண்டபத்தை இன்னொரு ரியூசன்காரருக்குக் கொடுத்துவிட்டார். சுபா படிக்கட்டின் அடியில் நின்று, பூச்சுக் கழன்ற பீமின் படத்தை வந்த பெற்றோர் ஒவ்வொருவருக்கும் காட்டினாள். "பொலிசுக்குச் சொல்லுவன்" என்று சொந்தக்காரர் கத்தினார். "சொல்லுங்கோ, அவையும் வந்து பாக்கட்டும்" என்றாள். அன்று ஒரு பிள்ளைகூட மேலே ஏறவில்லை. நாங்கள் மாநகர சபைக்கு எழுத்தில் முறைப்பாடும் கொடுத்திருக்கிறோம்.

இடம் எடுக்கப் போகிறவர்களுக்கு: புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால் சந்தோசப்படாதீர்கள், ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். கீழ்க் கடையை அகலமாக்கச் சுவரையோ தூணையோ எடுத்தார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எஞ்சினியர் பார்த்தார் என்றால், எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள். கொங்கிறீட்டில் சிறு துண்டைத் துளைத்தெடுத்துச் சோதிக்கவும், கம்பி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறியவும் வழி இருக்கிறது. "தெரியாது" என்று ஒரு எஞ்சினியர் சொன்னால், அதை "ஆபத்தில்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மண்டபம் காலியாகவே கிடந்ததால் சொந்தக்காரருக்கு வழியில்லாமல் போயிற்று. தாங்கிகளை வெறுமையாக்கி, பீமுக்கு இரண்டு இரும்பு முட்டுக் கொடுத்தார். சோதனை மட்டும் செய்யவில்லை. போன கிழமை சுபாவுக்கு அழைப்பெடுத்து, "இப்ப நல்லா ஸ்ட்ரோங் டீச்சர், திரும்பி வாங்க" என்றாராம்.

"முதல்ல உங்கட ஒஃபிஸ் மேசையை அந்த பீமுக்குக் கீழ போட்டு இருங்கோ. பிறகு நாங்கள் வாறம்" என்றாளாம் சுபா.

இதுவரை அவர் மேசையைப் போடவில்லை.