ஒரு யார் தூரம்: வின்சன்ற் அண்ணை நினைவாக

வியாழக்கிழமை காலை அஜக்ஸிலிருந்து வின்சன்ற் அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா தொலைபேசி எடுத்தார். “தங்கச்சி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்” என்றார். வேலைக்குப் போகும் ரயிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். நானும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றவும் மனமில்லாமல் கதிரையில் நெடுநேரம் இருந்தேன்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நகரில் எங்கள் தமிழ் வானொலியைக் கேட்டவர்களுக்கு வின்சன்ற் அண்ணையைத் தெரியும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத் தமிழில் வர்ணித்துச் சொன்னவர். வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் நான் செய்தி வாசித்து முடித்ததும், பகலெல்லாம் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கிய களைப்போடு வந்து ஒலிவாங்கியின் முன் இருப்பார். கிரிக்கெட்டைச் சொல்லும்படி நிர்வாகி கெஞ்சினார். “கிரிக்கெட் எங்கடை சனத்துக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமையில ஏன் கத்துறான் எண்டு ஆர் சொல்லுறது?” என்றார் அண்ணை.

“மூன்றாம் முறை, இன்னும் ஒரு யார்” என்று அவர் முதன்முதலில் சொன்ன அன்று ஓர் அன்ரி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஆர் எண்டு எங்களைக் கேட்டால்? நீரல்லோ சொல்லவேணும்.” அண்ணை சிரித்துவிட்டார். “அன்ரி, இது துணி அளக்கிற யார், மூண்டு அடி.”

அந்த ஒரு யாரில் அவருக்குத் தீராத பித்து. பத்து யார் முன்னேற நான்கு முறை தருவார்கள். “கடைசி ஒரு யாரை இடிச்சு எடுக்கலாம் எண்டு நம்புற பயிற்சியாளர், இரண்டாம் முறையிலேயே துணிஞ்சு பந்தைத் தூர எறியச் சொல்லுவார். நம்பாதவர் முதல் முறையிலிருந்தே பயந்து பயந்துதான் ஆடுவிப்பார்” என்பார். எதிரணி முழுவதும் நடுவில் குவிந்தால் ஓரம் திறக்கும் என்பதையும், அது தெரிந்தும் பலர் ஏன் நடுவிலேயே போய் முட்டுகிறார்கள் என்பதையும் சலிக்காமல் விளக்குவார்.

போரில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். நான் வாசித்த செய்தியைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “இண்டைக்கு வேண்டாம் அண்ணை” என்றேன். “வீட்டை போய் என்ன செய்யிறது, தங்கச்சி?” என்று ஒலிவாங்கியை இழுத்தார்.

அவர் தொடங்கியதுமே ஒருவர் அழைத்தார். “ஊரே றோட்டில நிக்குது. உமக்குப் பந்து கேக்குதோ?”

“நீங்கள் சொல்லுறது சரி ஐயா. என்ரை மனுசி பிள்ளையளும் அந்த றோட்டிலதான். எங்கை எண்டு தெரியேல்லை. அதுதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

அழைத்தவர் மெதுவாக, “சரி, சொல்லும்” என்றார்.

அண்ணை சொன்னார். நான்காம் முறை, ஒரு யார். பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். பயிற்சியாளர் கேட்கவில்லை. ஓட்டக்காரன் பந்தோடு நடுவில் புகுந்தான். எல்லாரும் ஒரு குவியலாக விழுந்தார்கள்.

“கிடைச்சதோ?” என்றார் அழைத்தவர்.

“இல்லை ஐயா. கிடைக்கேல்லை.”

மறுவாரம் ஒருவர் வந்து, நீங்கள் எங்கள் நாட்டைத்தானே மறைமுகமாகச் சொன்னீர்கள் என்று கையைப் பிடித்தார். “இல்லைத் தம்பி, பந்தைத்தான் சொன்னனான்” என்றார் அண்ணை.

குடும்பம் வன்னிக்கும் கொழும்புக்குமாக அலைந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தது. அஜக்ஸில் வீடு வாங்கினார்கள். வீடு விற்பவர்களின் விளம்பரம் பெருகி வானொலியில் அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது. அவர் சண்டை பிடிக்கவில்லை. “காணும் தங்கச்சி, களைச்சுப் போனன்” என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இழப்பைச் சொல்லும்போது அதன்மேல் ஆறுதல் எதையும் பூசுவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்பவருக்குக் கொஞ்சம் இடம் விடுகிறேன். வெள்ளிக்கிழமை அவருடைய மரண அறிவித்தலையும் அப்படித்தான் வாசித்தேன். பெயருக்குப் பிறகு குரல் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.